ஓய்வுக்குத் தகுதித் தேர்வு

என் மகளுக்குப் பத்து நாள் ஓய்வு வேண்டும் என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த ஓய்வை வாங்குவதற்காக அடுத்த பத்து நாளில் அவள் நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடினாள். மூன்று மாடிப் படியைப் பதினான்கு முறை ஏறி இறங்கினாள். ஒரு சொற்பொழிவை முழுதாகக் கேட்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடுத்தூர ஓட்டப் பயிற்சி மையத்தைக் குறை சொல்ல நான் யார்? நான் பஸ் டிரைவர். எஞ்சின் கொதித்தால் ஓரங்கட்ட வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பாப்பாவுக்குப் பதினைந்து வயது. பாப்பா என்பது நாங்கள் வீட்டில் கூப்பிடுவது. மையத்தில் அவள் எண் நாற்பத்தொன்று. எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள், அதாவது மைதானத்தை இரண்டு சுற்று. இரண்டு சுற்றுக்கு என்ன பெரிய பயிற்சி என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். முதல் சுற்றைக் காலால் ஓட வேண்டும், இரண்டாவது சுற்றை வீம்பால் ஓட வேண்டும் என்று அவள்தான் விளக்கினாள். வீம்பு அவளிடம் தாராளமாக இருக்கிறது. அம்மா வழி.

மையத்தில் சேர்ந்து மூன்றரை மாதத்தில் இடது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்தது. விரல் வைத்தால் துள்ளினாள். டாக்டர் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் விரிசல் விடல. விடப் பாக்குது. பத்து நாள் ஓடவே கூடாது. இப்படியே ரெண்டு வாரம் ஓடினா விரிசல் விட்டுடும். அப்புறம் ஆறு மாசம்."

"ஆறு மாசமா?" என்றேன்.

"ஒழுங்கா கூடினா ஆறு மாசம்."

அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டிக்கு முப்பது நாள் இருந்தது. பாப்பா விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். பத்து போனால் இருபது. "போதும்ப்பா," என்றாள். எனக்கும் மூச்சு வந்தது. ஓய்வுதானே, சும்மா உட்கார்ந்தால் வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு மையத்துக்குப் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் என் அறியாமை எனக்கே பாவமாக இருக்கிறது.

கோச் நல்ல மனிதர். சீட்டைப் படித்துவிட்டு முகம் சுண்டிப் போனார்.

"எனக்கு ஓட வைக்கத்தான் அதிகாரம் சார். உக்கார வைக்க அதிகாரம் இல்ல. சொல்லாம ஒரு நாள் வராம இருந்தாலும் பேர அடிச்சிடுவாங்க. பேர் இல்லன்னா தேர்வுப் போட்டிக்கு இங்கேர்ந்து பேர் போகாது."

"அவ சின்னப் பொண்ணு சார். புதுசா ஓட வந்தவ. இந்த வயசுல எவ்வளவு ஓடணும்?"

"என்னைக் கேட்டா வாரத்துக்கு நாலு நாள். பெரும்பாலும் மெதுவா. ஆனா என்னை யாரும் கேக்கறதில்ல. சார்ட்டத்தான் கேப்பாங்க."

சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைக் காட்டினார். அதன் கதை இதுதான். புதிதாக ஓட வருகிறவர்களுக்கு, வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நல்ல சுற்றறிக்கை. கோச்சும் அதன்படி ஆறு சதவீதம் கூட்டினார், சில வாரம் கூட்டாமலும் விட்டார். வருஷக் கடைசியில் தணிக்கைக்கு வந்தவர்கள், அனுமதிக்கப்பட்ட பத்தில் மீதி நான்கு சதவீதம் ஏன் பயன்படுத்தப்படவில்லை என்று எழுதிக் கேட்டார்கள். கோச்சின் பதில் திருப்தியாக இல்லை என்றும் எழுதினார்கள். அன்றிலிருந்து மையத்தில் எல்லாருக்கும், எல்லா வாரமும், பத்து சதவீதம்.

பாப்பா வாரத்துக்கு இருபது கிலோமீட்டரில் ஆரம்பித்தாள். இப்போது எழுபத்தாறில் நின்றாள். அடுத்த வாரம் எண்பத்து நான்கு.

பஸ் டிரைவருக்குக் கிலோமீட்டர் கணக்கு தானாகவே மனதில் ஓடும். இப்படியே போனால் ஐம்பத்திரண்டாவது வாரம் என் மகள் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நான் பஸ்ஸிலேயே வாரத்துக்கு அதில் பாதி ஓட்டுவதில்லை. கோச்சிடம் சொன்னேன்.

"அது வராது சார். வருஷம் முடிஞ்சதும் மறுபடி இருபதுல ஆரம்பிச்சிடுவோம்," என்றார்.

"நீங்களே பாதி ஓட விட்டுட்டு முழுசா ஓடினதா எழுதக் கூடாதா?"

"கால்ல தூரம் அளக்கற மானி கட்டியிருக்கு. போன வருஷம் ஒருத்தன் அதைக் கழட்டி நாய்க் கால்ல கட்டி விட்டுட்டான். நாய்க்குத் தேர்வுப் போட்டியிலேர்ந்து கடிதம் வந்துடுச்சு. அதுலேர்ந்து கழட்ட முடியாத மானி குடுத்துட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "மூணாவது மாடியில ஒரு பிரிவு இருக்கு. போய்ப் பாருங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போகணும்."

மூன்றாவது மாடியில் கதவின் மேல் 'அதிகப் பயிற்சித் தடுப்புப் பிரிவு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்களே என்று. பாப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து சேர்ந்தாள்.

எழுத்தர் அம்மா அன்பாகத்தான் பேசினார். ஒன்பது பக்க விண்ணப்பத்தை எடுத்து வைத்தார்.

"வாம்மா. களைப்பா? எத்தனை புள்ளி? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லு."

"களைப்பு இல்ல மேடம். வலி."

"வலி மருத்துவப் பிரிவு. இது களைப்புப் பிரிவு."

"மருத்துவப் பிரிவு எங்கங்க இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"இன்னும் ஆரம்பிக்கல."

டாக்டரின் சீட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. வெளியாள் சீட்டு செல்லாது, அந்த டாக்டர் இந்தப் பெண் களைத்து நேரில் பார்த்தவரில்லை என்றார். களைப்பு ஏழு என்று போட்டுக்கொண்டோம். அடுத்து மைதானப் பொறுப்பாளரின் முத்திரை வேண்டும். பொறுப்பாளரின் அறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது.

"விண்ணப்பம் எழுதின கால் மணி நேரத்துல முத்திரை வாங்கிட்டு வந்துடணும். இல்லன்னா களைப்பு பழசாயிடும்."

"நான் போய் வாங்கிட்டு வரேங்க."

"விண்ணப்பதாரர்தான் போகணும். நீங்க போனா அது உங்க களைப்பு ஆயிடும்."

பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி ஓடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் ஓடவே கூடாது என்று சொன்ன கால் மைதானத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது, ஓய்வு கேட்டு. பதினோரு நிமிஷத்தில் வியர்வையோடு திரும்பினாள். எழுத்தர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'விண்ணப்பதாரர் பதினோரு நிமிடத்தில் திரும்பினார். களைப்பின் அறிகுறி தென்படவில்லை.'

மறுநாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒட்டிய புகைப்படத்தில் பாப்பா தெளிவாக இருந்தாளாம். களைத்த முகத்தோடு புதுப்படம் கேட்டார்கள். அதற்கடுத்த நாள் களைத்த முகம் பழைய அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பியது. பிறகு ஒன்பதாம் பக்கத்தில் என் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் விண்ணப்பதாரர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது முத்திரை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை நடப்பு அளவைக் குறைக்கக் கூடாது என்று விதி இருந்ததால், காலையும் மாலையும் சார்ட்டின்படி ஓட்டம்.

எங்கள் டிப்போவில் எட்டு மணி நேரம் தூங்காதவனை வண்டி எடுக்க விடமாட்டார்கள். கண் சிவந்திருந்தால் போதும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று விரட்டுவார்கள். அவனுக்காக இல்லை. பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்று. பாப்பாவின் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நான் ஒருவன்தான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். சாக்ஸை இறக்கிக் காட்டச் சொன்னேன். எலும்பின் மேல் வீக்கம் பளபளவென்று இருந்தது. என் விரல் பக்கத்தில் போவதற்கு முன்பே காலை இழுத்துக்கொண்டாள்.

"போதும் பாப்பா. வா, வீட்டுக்குப் போலாம்."

"பேர அடிச்சிடுவாங்கப்பா."

"அடிக்கட்டும்."

"உனக்கென்ன, சொல்லிடுவ. ஓடப் போறது நானு." சாக்ஸை ஏற்றிவிட்டு எழுந்தாள்.

தப்பு என்று தெரிந்தே அவள் பின்னால் படி ஏறினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, களைப்பு உறுதித் தேர்வு.

தேர்வு இதுதான். மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் பன்னிரண்டு சுற்று ஓட வேண்டும். இருபத்து நான்கு நிமிஷத்துக்குள் முடித்தால் களைப்பு இல்லை, ஓய்வும் இல்லை. முப்பது நிமிஷத்துக்கு மேல் போனால் அது களைப்பல்ல, சோம்பல். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். நடுவில் நின்றாலோ நடந்தாலோ தகுதியற்றவர் என்று பெயர் நீக்கம். இருபத்து நான்குக்கும் முப்பதுக்கும் இடையே முடித்தால் பத்து நாள் ஓய்வு, உடனடியாக.

"இருபத்தேழு நிமிஷத்துல முடிக்கறேம்ப்பா," என்று முந்தின நாள் சாயங்காலம் காலில் ஐஸ் வைத்துக்கொண்டே சொன்னாள். "மெதுவாதான ஓடப் போறேன். அப்புறம் பத்து நாள் நம்மள யாரும் கேக்க முடியாது. இன்னும் இருபது நாள் இருக்கு. ஆனா ஒண்ணு. நடுவுல நீ ஒண்ணும் பண்ணக் கூடாது."

"வலிச்சா?"

"வலிக்கத்தான் செய்யும். நீ ஒண்ணும் பண்ணக் கூடாது."

சரி என்றேன். அப்படிச் சொல்லித் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஓடுதளத்தின் பக்கத்தில் நிழலுக்குப் பந்தல் போட்டு மூன்று நாற்காலி வைத்திருந்தார்கள். நடுவில் இயக்குநர். ஒரு பக்கம் எழுத்தர் அம்மா. மூன்றாவது நாற்காலி களைப்பு நிபுணருக்கு. அவர் ஓய்வில் இருப்பதாகச் சொன்னார்கள். கோச் நிறுத்துக் கடிகாரத்தோடு கோட்டருகே நின்றார். பாப்பாவையும் கோட்டில் நிற்க வைத்துவிட்டு இயக்குநர் பேச எழுந்தார்.

"ஓய்வு இந்த மையத்தோட உயிர்மூச்சு. இருபத்திரண்டு வருஷமா நான் இந்தப் பதவியில இருக்கேன். ஓய்வோட அருமை எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இங்க வேற யாருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளைங்கள அளவுக்கு மீறி ஓட விடக் கூடாதுன்னு கண்டிப்பா இருக்கேன். அதே மாதிரி, தேர்வு வைக்காம யாருக்கும் ஓய்வு குடுக்கக் கூடாதுன்னும் கண்டிப்பா இருக்கேன். போன வருஷம் நூத்தி எண்பது பேர் சேந்தாங்க. வருஷக் கடைசியில இருபத்தாறு பேர் இருந்தாங்க. அந்த இருபத்தாறு பேர்ல ஒருத்தருக்குக்கூட அதிகப் பயிற்சிக் காயம் கிடையாது. நூத்துக்கு நூறு. இதுக்காகத் தலைமையகம் நமக்குக் கேடயம் குடுத்திருக்கு."

எழுத்தர் அம்மா கைதட்டினார். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடப் பழக்கம்.

"மீதி நூத்தி அம்பத்து நாலு பேர் சார்?"

"சுயவிருப்பத்துல விலகிட்டாங்க. விலகின பிறகுதான் அவங்களுக்குக் காயம் இருந்ததே தெரிய வந்துச்சு. வெளியாட்களோட காயத்த நாங்க எப்படிக் கணக்குல சேக்கறது?"

அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. கேட்ட நான்தான் தூக்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

கோச் கையை இறக்கினார். பாப்பா ஓட ஆரம்பித்தாள்.

முதல் சுற்று இரண்டு நிமிஷம் பதினைந்து வினாடி. இரண்டாவதும் அப்படியே. கடிகாரம் வைத்தது மாதிரி ஓடினாள். மூன்றாவதில் என் முன்னால் வரும்போது லேசாகத் தலையாட்டினாள். பந்தலில் தேநீர் வந்தது. நான்காவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் அவள் இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி விழுவதைப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு அடியும். சக்கரத்தில் ஒரு போல்ட் கழன்றால் டிரைவர் ஸ்டியரிங்கில் உணர்ந்துவிடுவான். எனக்கு அப்படித்தான் உடம்பில் தெரிந்தது.

"களைப்பு நல்லா தெரியுது," என்று இயக்குநர் திருப்தியோடு சொன்னார். "ஆறு புள்ளி குடுக்கலாம்."

என்னைத் தாண்டிப் போனாள். உதட்டைக் கடித்திருந்தாள். கண்ணில் நீர் நின்றது, ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் எட்டு சுற்று. எட்டு சுற்று ஓடிவிட்டால் பத்து நாள் ஓய்வு, தேர்வுப் போட்டி, எல்லாம். இப்போது நிறுத்தினால் ஒன்றுமில்லை. அதோடு என் மகள் எனக்கு இனி எப்போது முகம் கொடுத்துப் பேசுவாள் என்பதும் தெரியாது. இவ்வளவும் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து அவள் காலடிச் சத்தம் கேட்காது. ஆனாலும் கேட்டது.

நான் போய் உள் தடத்தின் நடுவில் நின்றேன். கையை நீட்டினேன், வழியில் பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் நீட்டுவார்களே அப்படி. இத்தனை வருஷமாக நான் நிறுத்திக் கொடுத்தவன். நிறுத்தச் சொல்லிக் கை நீட்டியது அன்றுதான்.

அவள் திருப்பத்தில் வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்துத் தடத்துக்கு மாறி என்னைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். அதற்கு இடம் இருந்தது. நேராக வந்து என் மேல் மோதி நின்றாள். அப்படியே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏம்ப்பா," என்றாள். "ஏம்ப்பா இப்படிப் பண்ணின."

பந்தலில் பெரிய குழப்பம் வந்துவிட்டது. ஓடியவர் நின்றாரா, நிறுத்தப்பட்டாரா என்பதற்கு விதியில் இடமில்லை. இருபது நிமிஷம் விதிப் புத்தகம் புரட்டினார்கள். அந்த இருபது நிமிஷமும் பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். மையத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

கடைசியில் இயக்குநர் தீர்ப்பு சொன்னார். "தேர்வு செல்லாது. வெளியாள் தலையிட்டிருக்கார். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மறுபடி பன்னெண்டு சுற்று. வேண்டாம்னா இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு சுயவிருப்பத்துல போலாம். போற தேதிய மட்டும் பத்து நாள் முன்னால போட்டுடுங்க."

பாப்பா என்னைப் பார்க்கவில்லை. கோச்சைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க சார். நாளைக்கு ஓடலாமா?"

கோச் இயக்குநரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்.

"ஓடாதம்மா," என்றார். "நாளைக்கு இல்ல, பத்து நாளைக்கு ஓடாத. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பேசிக்கிட்டே ஓட முடியற வேகத்துல. பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். இந்த வருஷம் போட்டி போனா போகட்டும். அடுத்த வருஷம் உனக்குப் பதினாறுதான் ஆகும்."

"கோச்," என்றார் இயக்குநர்.

"இருக்கேன் சார்," என்றார் அவர். ஆனால் திரும்பவில்லை.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபாரத்தை வாங்கினாள். தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டாள். எழுத்தர் அம்மா பத்து நாள் முன்னால் என்று ஞாபகப்படுத்தினார். பாப்பா காதில் வாங்கவில்லை. விலகும் காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதி நீட்டினாள்.

எழுத்தர் அம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது, 'தொடர்ந்து ஓடுவதற்காக'ன்னு எழுதியிருக்க. இப்படி ஒரு காரணமே கிடையாது. படிப்பு, குடும்பச் சூழ்நிலை, வீடு மாற்றம், இதுல ஏதாவது ஒண்ணு போடு."

"இதுதான் மேடம்," என்றாள் பாப்பா.

காலிலிருந்து மானியை அறுத்து எடுக்க ஒரு ஆள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்துக்கு இருநூறு அடி இருக்கும். எங்கள் பஸ் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. பாப்பா என்றைக்கும் ஒரு பஸ்ஸை விட்டவள் இல்லை. ஒரு அடி எடுத்து வைத்தாள். அவளே நின்றாள். பஸ் போய்விட்டது.

நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். இன்றைக்குப் பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏம்ப்பா," என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "பத்து நாள்ல இன்னிக்குச் சேருமா, சேராதா?"

"இன்னிக்கு அஞ்சு சுற்று ஓடியிருக்க. சேராது," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு இடது காலை நீட்டி என் மடியில் வைத்தாள்.